மூன்றாவது மாடியில் ஒரு தையல் மெஷின்

ஏழு மாதத்துக்கு முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை காலை, என்னுடைய பேன்ட் ஒன்று பூட்டிய ஷாப்பிங் மாலுக்குள் மாட்டிக்கொண்டது.

அப்போதே இந்தப் பக்கத்தில் எழுதியிருக்கலாம். ஆனால் கதை பாதியில் நின்றிருந்தது. பாதிக் கதையை எழுதினால் நீங்கள் போன் போட்டு ‘அப்புறம் என்ன ஆச்சு?’ என்று கேட்பீர்கள். எனக்கும் தெரியாது. மீதி, போன வாரம்தான் தெரிந்தது. அதனால் இந்த வாரம்.

முதலில் பேன்ட்.

கறுப்பு நிறம். புதுசு. ஞாயிற்றுக்கிழமை காங்கேயத்தில் மனைவியின் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். அதற்காக ரெடிமேடாக வாங்கி, நீளம் குறைக்கக் கொடுத்திருந்தேன். ரெடிமேட் பேன்ட் தைக்கிறவர்கள் யாரோ ஆறரை அடி ஆளை மனதில் வைத்துத்தான் தைக்கிறார்கள். அந்த ஆளை நான் இதுவரை திருப்பூரில் பார்த்ததில்லை. இத்தனைக்கும் முப்பது வருஷம் பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தவன் நான். அதாவது, வெளிநாட்டில் சரக்கு வாங்குகிற பையருக்கும் நம்மூர் தையல் லைனுக்கும் நடுவில் நின்று, இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற வேலை.

“ஏனுங்க, பேன்ட் எங்கீங்க?” என்றார் மனைவி.

“மால்ல இருக்குது.”

“போய் வாங்கிட்டு வர்றதுதானுங்க?”

“மாலைப் பூட்டிட்டாங்களாம்.”

மனைவி பீரோவைத் திறந்து பார்த்தார். பிறகு, “அப்ப வேட்டி கட்டிக்குங்க” என்றார்.

வேட்டி எனக்கு இடுப்பில் நிற்காது. பெல்ட் போட்டாலும் நிற்காது. இது இதுவரை எங்கள் குடும்பத்துக்கு மட்டும் தெரிந்த விஷயமாக இருந்தது.

*

அந்த மால் ஊருக்கு வெளியே, அவிநாசி போகிற வழியில் இருக்கிறது. பெயர் வேண்டாம். கட்டியவர் இன்னும் இந்த ஊரில்தான் நடமாடுகிறார்... எதிரில் பார்த்தால் நான் வணக்கம் சொல்ல வேண்டும்.

அந்த இடம் முதலில் சாயப்பட்டறை. பட்டறையை மூடிய பிறகு சில வருஷம் சீமைக்கருவேலம் முளைத்துக் கிடந்தது. சொந்தக்காரர்கள் ஒரு பனியன் கம்பெனிக் குடும்பம். அந்தக் குடும்பத்தின் மூத்த மகன் ஒரு தடவை சிங்கப்பூர் போய்விட்டு வந்தார். வந்தவர் மால் கட்டினார்.

நான்கு மாடி. மூன்று தியேட்டர். நடுவில் எஸ்கலேட்டர். திறந்த வாரம் கூட்டம் தாங்கவில்லை. மூலனூரில் இருந்து முருங்கைக்காய் லோடு ஏற்றி வந்த வேன் ஒன்று, மார்க்கெட்டில் லோடை இறக்கிவிட்டு, அதே வேனில் ஒரு குடும்பத்தையே மாலுக்கு அழைத்து வந்ததை நானே பார்த்தேன். முருங்கை இலை இரண்டு அந்த அம்மாவின் கொண்டையில் இருந்தது.

எஸ்கலேட்டர் அடியில் மால் மேனேஜர் பழனிசாமி நின்றிருந்தார். அவிநாசிக்காரர். ஒல்லியான உடம்பு, சிவப்பு டை. வருகிற ஒவ்வொரு பெண்மணியிடமும் ஒரே வசனம்தான் - “சீலையை ஒதுக்கிப் புடிச்சுக்குங்க... வலது காலை எடுத்து வைங்க... அவ்வளவுதானுங்க!” மருமகளை வீட்டுக்கு அழைப்பது போல ஊரையே மேலே அனுப்பிக்கொண்டிருந்தார்.

இரண்டாம் மாடியில் ஒரு பிராண்ட் கடை. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு நீல டி-ஷர்ட். அந்த நீலம் எனக்குத் தெரிந்த நீலம். அதற்காக பையருக்கு நான்கு தடவை சாம்பிள் அனுப்பியிருக்கிறேன். உள்ளே போய் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். சத்தமில்லாமல் மடித்து வைத்துவிட்டு வந்தேன். நன்றாக மடித்தேன் என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

எல்லாரும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமையானால் கம்பெனித் தொழிலாளர்கள் குடும்பத்தோடு வருவார்கள். ஏ.சி.யில் நடப்பார்கள். தாங்கள் தைத்த சட்டையைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பார்கள். ஒரு ஐஸ்கிரீமை நான்கு பேர் பகிர்ந்துகொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். கூட்டத்தைப் பார்த்து முதலாளி சந்தோஷப்பட்டார். பில் போடுகிற இடத்தில் கூட்டம் இல்லை என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். எல்லாரும் போனிலேயே வாங்க ஆரம்பித்தார்கள். நோய்க்காலத்தில் மூடிய தியேட்டர் திறக்கவே இல்லை. சூப்பர் மார்க்கெட் போனது. பிராண்ட் கடை போனது. ஏ.சி.யை மேல்மாடியில் இருந்து ஒவ்வொரு மாடியாக நிறுத்திக்கொண்டே வந்தார்கள். கடைசியில் எஸ்கலேட்டரும் நின்றது. நின்றுபோன எஸ்கலேட்டரில் ஏறியிருக்கிறீர்களா? மாடிப்படி மாதிரியே இருக்கும். ஆனால் முழங்காலுக்கு வித்தியாசம் தெரியும்.

அந்த எஸ்கலேட்டரில் ஏறி, மூச்சு வாங்கி, மூன்றாவது மாடிக்குப் போனால்... அங்கே ஜெபராணி இருந்தார்.

*

ஜெபராணிக்குச் சொந்த ஊர் திருச்செந்தூர் பக்கம். கல்யாணமான வருஷமே கணவரோடு திருப்பூர் வந்துவிட்டார். கணவருக்கு நூல் லாரி ஓட்டுகிற வேலை. இவருக்குக் கம்பெனியில் டெய்லர் வேலை. டெய்லர் என்றால் சட்டை தைப்பவர் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பெரிய கம்பெனியில் ஒருவர் கழுத்து வைப்பார். ஒருவர் கீழ் மடிப்பு அடிப்பார். ஜெபராணி கை வைப்பவர். பன்னிரண்டு வருஷம் டி-ஷர்ட்டுக்குக் கை மட்டும் வைத்திருக்கிறார்.

“எத்தன லட்சம் சட்டைக்குக் கை வச்சிருப்பேனோ தெரியாது சார்” என்று ஒரு தடவை என்னிடம் சொன்னார். “ஒரு சட்டைகூட முழுசா தச்சது கெடையாது.”

மாலில் அவருக்கு இடம் கிடைத்த கதையைச் சொல்ல வேண்டும். மால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெபராணி சுற்றிப் பார்க்க வந்திருக்கிறார். பிராண்ட் கடையில் ஒருவர், சட்டையின் கை நீளமாக இருக்கிறது, பணத்தைத் திருப்பிக் கொடு என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். ஜெபராணி ஓரமாக நின்று பார்த்தார். பிறகு கைப்பையில் இருந்து ஊசி நூலை எடுத்தார். நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து, பத்தே நிமிஷத்தில் கையைக் குறைத்துக் கொடுத்துவிட்டார். சத்தம் போட்டவர் சட்டையைப் போட்டுக்கொண்டே வெளியே போனார்.

பழனிசாமி இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஏனுங் அம்மிணி, மேல ஐஸ்கிரீம் கடை ஒண்ணு காலியாக் கெடக்குது. மெஷின் கொண்டாந்து போட்டுக்கிறீங்களா?” என்று கேட்டார்.

அடுத்த மாதமே ஜெபராணி கம்பெனி வேலையை விட்டார். ஐஸ்கிரீம் போர்டைக் கழற்ற ஏணி கிடைக்கவில்லை. அதனால் போர்டு அப்படியே இருந்தது. “ஐஸ்கிரீம் கடையில பேன்ட் குடுத்திருக்கேன்” என்று எங்கள் பகுதியில் யாராவது சொன்னால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

அங்கே அவர் முதன்முதலாக முழுசாகத் தைத்தது ஒரு பூப்போட்ட சுடிதார். அவருக்கே தைத்துக்கொண்டார். நான் அறிமுகமான நாளில் அதைத்தான் போட்டிருந்தார். “நல்லாருக்கு” என்றேன். “கழுத்தும் நான்தான் சார் வச்சேன்” என்றார்.

மற்ற கடைகள் ஒவ்வொன்றாகப் போனபோது ஜெபராணி மட்டும் போகவில்லை. அவருக்கு வேலை குறையவும் இல்லை. போனில் வாங்குகிற துணி எதுவும் யாருக்கும் சரியாக இருப்பதில்லையே? அத்தனையும் மூன்றாவது மாடிக்குத்தான் வந்தது. வாசலில் செக்யூரிட்டி பையைத் திறந்து பார்ப்பார். உள்ளே பேன்ட் இருக்கும். மூடிக் கொடுப்பார். அவ்வளவு பெரிய கட்டடத்தின் ஒரு நாள் போக்குவரத்து அதுதான்.

ஒரு கட்டடம் செத்துவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? காலிக் கடைகளை எண்ணிப் பார்த்தால் தெரியாது. அங்கே போக வேண்டிய காரணம் யாராவது ஒருவருக்காவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எனக்கு இருந்தது. என் இடுப்புச் சுற்றளவு வருஷா வருஷம் மாறிக்கொண்டிருந்தது.

*

மால் கட்டடத்தை விற்றுவிட்டார்கள். வாங்கியது வேறொரு ஏற்றுமதிக் கம்பெனி. மாலைப் புதுப்பித்து, தையல் யூனிட் ஆக்கப் போவதாகச் சொன்னார்கள். அதாவது, திருப்பூரில் இருந்த ஒரே வித்தியாசமான கட்டடத்தையும் பனியன் கம்பெனி ஆக்குவது. ஊர் வழக்கம். குறை சொல்ல ஒன்றுமில்லை.

பழனிசாமியை அந்த மாதத்தோடு வேலையில் இருந்து நிறுத்தினார்கள். ஜெபராணிக்கு அடுத்த மாதக் கடைசி வரை டைம் கொடுத்துக் கடிதம் வந்தது. அவரும் வேறு கடை தேட ஆரம்பித்தார்.

ஆனால் அந்தக் கெடு முடியப் பத்து நாள் இருக்கும்போதே, ஒரு வியாழக்கிழமை காலையில் அவர் வேலைக்கு வந்தால், கேட்டில் சங்கிலி. சுற்றிலும் பச்சை வலை. உள்ளே டிரில்லிங் சத்தம். கடிதத்தில் இருந்த தேதி கான்ட்ராக்டருக்குப் போய்ச் சேரவில்லை. மெஷின் உள்ளே. கொடுத்தவர்களின் துணியெல்லாம் உள்ளே. அன்று முழுக்க ஆபீஸுக்குப் போன் போட்டிருக்கிறார். யாரும் எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை நான் போனபோது கேட்டுக்கு எதிரில் ஒரு பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு நோட்டு. அதைப் பார்த்து ஒவ்வொருவருக்காகப் போன் செய்து விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஓடிப் போய்விட்டதாக யாரும் நினைத்துவிடக் கூடாதாம். சுற்றிலும் முப்பது பேருக்கு மேல் நின்றிருந்தார்கள்.

“உங்க பேன்ட்டு முடிச்சாச்சு சார்” என்றார் என்னைப் பார்த்ததும். “மடிச்சு வச்சிருக்கேன். எடுக்கத்தான் முடியல.”

அவருக்குப் பக்கத்தில் ஒரு அம்மா நின்றிருந்தார். அவருடைய மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை தாராபுரத்தில் கல்யாணம். முகூர்த்த ப்ளவுஸ் மேலே இருந்தது. உடம்பு தைத்தாகிவிட்டது. கை வைக்கவில்லை.

“மத்தியானம் ரெண்டு மணிக்கு வண்டி வந்துருங் கண்ணு” என்று அந்த அம்மா சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் ஜெபராணியால் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன்.

“சொன்ன தேதிக்கு நான் குடுக்காம இருந்ததே இல்ல சார்” என்றார் என்னிடம். நோட்டில் அந்த அம்மாவின் பெயரை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

கேட்டுக்கு உள்ளே ஒரு பெண் இன்ஜினியர் நின்றிருந்தார். நிவேதா என்று பெயர். கோயமுத்தூர். இருபத்தாறு வயசு இருக்கும். தலையில் வெள்ளை ஹெல்மெட், கையில் சுருட்டிய டிராயிங்.

“சாரிங்க சார். சைட் இப்ப எங்க பொறுப்பு” என்றார். “யார் தலையில ஏதாச்சும் விழுந்தா நான்தானுங்க பதில் சொல்லணும். லெட்டர் விஷயமே எனக்குத் தெரியாதுங்க.”

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் பெரிய தொந்தரவு. தப்பாகப் பேசுகிறவரிடம் சண்டை போடலாம். சரியாகப் பேசுகிறவரிடம் என்ன செய்வது?

அப்போதுதான் ஒரு மொபெட் வந்து நின்றது. பழனிசாமி. சிவப்பு டையோடு. ஜெபராணி அவருக்கும் போன் செய்திருக்கிறார்.

“என்னங்க, டை எல்லாம்?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“மாலுக்கு வர்றனில்லீங்க?” என்றார்.

கேட்டுக் கம்பி வழியாக நிவேதாவிடம் டிராயிங்கை வாங்கிப் பிரித்தார். விரலை வைத்தார்.

“மேடம், அம்மிணி கடை இந்த மூலைங்க. இங்க நீங்க இன்னும் கையே வெக்கலீங்க. போற வழி எஸ்கலேட்டரு. அதுக்கு மேல ஸீலிங் பூராவும் கழட்டி வாசல்ல குவிச்சுப்போட்டீங்க, இங்கிருந்தே தெரியுதுங்க. இனி விழுகுறதுக்கு அங்க ஒண்ணுமே இல்லீங்க.”

நிவேதா டிராயிங்கைப் பார்த்தார். மேலே பார்த்தார். மேலதிகாரிக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. மறுபடி போட்டார். எடுக்கவில்லை. பிறகு கேட்டுக்கு வெளியே நின்ற அந்தக் கல்யாணப் பெண்ணின் அம்மாவைப் பார்த்தார்.

“மூணு பேர் மட்டும். ஹெல்மெட் போட்டுக்கணும். துணிய எடுத்துட்டு உடனே வந்துரணும்” என்றார்.

“எடுத்துட்டு வந்தா மட்டும் பத்தாது மேடம்” என்றார் ஜெபராணி. “பதினோரு துணி முடியல. தைக்கணும்.”

“வீட்ல வச்சுத் தைக்கலாமில்லீங்க?”

“எங்கிட்ட இருக்கது ஒத்த மெஷினு. அதும் மேலதான் கெடக்கு. கழட்டி எறக்கி வீட்டுக்குக் கொண்டுபோய் மாட்டுததுக்குள்ள ரெண்டு மணி ஆயிரும். எனக்கு ரெண்டு மணி நேரம் கரண்ட் மட்டும் குடுங்க மேடம். வேற ஒண்ணும் வேண்டாம்.”

கட்டடத்துக்குக் கரண்ட் துண்டித்தாகிவிட்டது. மூன்றாவது மாடியில் ஒரே ஒரு தற்காலிக லைன். ஒரே ஒரு பிளக். அதில் டிரில்லிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதாவது, தையல் மெஷின் ஓட வேண்டுமானால் இடிக்கிற மெஷின் நிற்க வேண்டும்.

நிவேதா அரை நிமிஷம் யோசித்தார். அந்த அரை நிமிஷத்தில் அவருடைய வேலை அவர் கண்ணுக்கு முன்னால் ஒரு தடவை வந்து போயிருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

“வாங்க” என்றார்.

*

மஞ்சள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு, நின்றுபோன எஸ்கலேட்டரில் நான்கு பேர் ஏறினோம். நிவேதா, ஜெபராணி, பழனிசாமி, நான். பழனிசாமி முதல் படியில் வலது காலை வைத்தார். பழக்கம்.

மேலே புகை மாதிரி சிமென்ட் தூசி. பீகாரைச் சேர்ந்த தொழிலாளி ஒருவர் சுவரை உடைத்துக்கொண்டிருந்தார். நிவேதா கையைக் காட்டி, “பந்த் கரோ பையா. தோ கண்டா” என்று இந்தியில் இரண்டு மணி நேரம் நிறுத்தச் சொன்னார். சத்தம் நின்றது. அவர் எங்களைப் பார்த்தார். ஜெபராணி மெஷின் மேல் இருந்த பாலித்தீன் ஷீட்டை விலக்குவதைப் பார்த்தார். தன்னுடைய பிளக்கைப் பிடுங்கினார். ஜெபராணியின் வயரை எடுத்து, அதன் முனையைத் தன் சட்டையில் துடைத்து, தானே மாட்டிவிட்டார்.

தினமும் வீட்டுக்குப் போகும்போது துணிகளுக்கு மேல் பாலித்தீன் போர்த்திவிட்டுப் போவது ஜெபராணியின் வழக்கம். ஷீட்டுக்கு மேல் ஒரு விரல் கனத்துக்குத் தூசி. கீழே ஒரு துணியில்கூடக் கறை இல்லை. ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய துண்டுத் துணி குத்தியிருந்தது.

உட்கார்ந்தார். சொட்டு எண்ணெய் விட்டார். ஊசியைப் பார்க்கக் குனிந்தபோது ஹெல்மெட் மூக்குக்கு வந்தது.

“கழட்டக் கூடாதுங்க” என்றார் நிவேதா.

ஜெபராணி தலையில் இருந்த கிளிப்பை எடுத்து, ஹெல்மெட் பட்டையை இழுத்துக் குத்திக்கொண்டார். பட்டு ப்ளவுஸை எடுத்தார். நான் முப்பது வருஷம் தையல் லைன்களில் நடந்தவன். எத்தனையோ வேகமான கைகளைப் பார்த்திருக்கிறேன். அன்று ஜெபராணி அந்த இரண்டு கைகளை வைத்த மாதிரி பார்த்ததில்லை. ஒரு இடத்தில்கூடச் சுருக்கம் இல்லை. ஒரு இடத்தில்கூட நிறுத்தவில்லை.

முடித்த துணிகளை நான் தூக்கிக்கொண்டு கீழே வந்தேன். பழனிசாமி கேட்டில் நின்று பெயர் கூப்பிட்டுக் கொடுத்தார். “ஒவ்வொருத்தரா வாங்க... தள்ளாதீங்க... வெளிய போறவங்க லெப்ட்டுல போங்க!”

மூன்றாவது தடவை நான் இறங்கி வந்தபோது என் காதருகில், “இத்தன கூட்டத்தப் பாத்து எத்தன வருசமாச்சுங்க” என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தூசி என்றார். தூசி நிறைய இருந்தது.

இரண்டு மணி நேரம் என்றது நீண்டுகொண்டே போனது. நடுவில் நிவேதாவின் போன் அடித்தது. மேலதிகாரி.

“ஆமாங்க சார்... மூணாவது ஃப்ளோர்ல மெட்டீரியல் ஷிஃப்ட்டிங் போயிட்டிருக்குதுங்க. முடிஞ்சதும் டிரில்லிங் ஸ்டார்ட் பண்ணிரலாமுங்க சார்.”

போனை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். பொய் சொல்லவில்லை. மெட்டீரியல்தான். ப்ளவுஸ் மெட்டீரியல்.

கொக்கி வைக்கிற கைவேலையும் முடிந்து, இரண்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கல்யாணப் பெண்ணின் அம்மா ப்ளவுஸை வாங்கிக்கொண்டார். விரித்துப் பார்க்கவில்லை. நெஞ்சோடு வைத்துக்கொண்டு வண்டிக்கு ஓடினார். கடைசித் துணி முடிந்ததும் அந்த பீகார் தொழிலாளியும் இன்னும் இரண்டு பேரும் மெஷினைத் தூக்கிக்கொண்டு எஸ்கலேட்டரில் இறங்கினார்கள். அவர்கள் தெருவுக்கு வந்து சேர்வதற்குள் மேலே வேறு ஒருவர் டிரில்லிங்கை ஆரம்பித்துவிட்டார்.

என் பேன்ட்டும் கிடைத்தது. காங்கேயம் கல்யாணத்தில் அதை ஒருவர்கூடக் கவனிக்கவில்லை.

*

இத்தோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடியவில்லை.

ஜெபராணி மெஷினை வீட்டில் போட்டார். வரிசையாகக் கட்டிய லைன் வீடு. ஒரே அறை. ஆட்கள் வந்து போவது வீட்டின் சொந்தக்காரருக்குப் பிடிக்கவில்லை. வழி தெரியாமல் பாதிப் பேர் வருவதை நிறுத்தினார்கள். ஊரெல்லாம் கடை தேடினார். அமையவில்லை. ஆறாவது மாதம் நான் போன் செய்தபோது, “திரும்பக் கம்பெனிக்கே போயிரலாமான்னு பாக்கேன் சார்” என்றார். நான் ஏதோ ஆறுதல் சொன்னேன். என்ன சொன்னேன் என்பது எனக்கே ஞாபகமில்லை. அவ்வளவு நல்ல ஆறுதல்.

போன திங்கட்கிழமை பழனிசாமி கூப்பிட்டார். புது யூனிட் ஓட ஆரம்பித்து ஒன்றரை மாதம் ஆகிறதாம். கட்டடம் தெரிந்த ஆள் வேண்டுமென்று அவரையே அட்மின் வேலைக்கு எடுத்திருக்கிறார்கள். “ஜி.எம்.கிட்ட அம்மிணியப் பத்திச் சொல்லியிருக்கறனுங்க. லைன் சூப்பர்வைசர் வேலை. நல்ல சம்பளம், பி.எஃப். எல்லாமே உண்டுங்க. நீங்களும் கூட வந்தீங்கன்னா தைரியமா இருக்குமுங்க.”

செவ்வாய்க்கிழமை போனோம். ஜெபராணி அதே பூப்போட்ட சுடிதாரைப் போட்டிருந்தார்.

உள்ளே அடையாளமே தெரியவில்லை. நடுவில் திறந்திருந்த இடத்தைத் தளம் போட்டு மூடிவிட்டார்கள். எஸ்கலேட்டர் இல்லை. அந்த இடத்தில் துணி பண்டல் ஏற்றுகிற லிப்ட். சினிமா ஓடிய ஹாலில் கட்டிங். வரிசை வரிசையாக டியூப் லைட், அதன் கீழே வரிசை வரிசையாகத் தலைகள். பழனிசாமி டை கட்டவில்லை. கழுத்தில் ஐ.டி. கார்டு தொங்கியது.

மூன்றாவது மாடியில் ஜெபராணி தன் மூலையைத் தானே கண்டுபிடித்தார். அங்கே ஒரு ஒடிசாப் பெண் உட்கார்ந்து டி-ஷர்ட்டுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தாள். இருபது, இருபத்திரண்டு வயசு. குனிந்த தலை நிமிரவில்லை. அவளுக்குப் பின்னால் ஒரு ஆள், மணிக்கு எத்தனை என்று எழுதிய போர்டையும் கடிகாரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு நின்றார். “கித்னா ஹுவா? ஜல்தி, ஜல்தி!” எத்தனை ஆச்சு, சீக்கிரம், சீக்கிரம் என்று இந்தியில் விரட்டல்.

ஜெபராணி அந்த ஆளைத்தான் பார்த்தார். ரொம்ப நேரம்.

ஜி.எம். தன்மையாகத்தான் பேசினார். வேலையை விவரித்தார். சம்பளத்தைச் சொன்னார். ஜெபராணி முழுவதையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“டார்கெட் வராட்டா, அந்தப் பிள்ளைய நான்தான் சத்தம் போடணுமா சார்?”

ஜி.எம். சிரித்தார். “அதுதானம்மா சூப்பர்வைசர் வேலையே.”

“அப்ப எனக்கு வேண்டாம் சார். தப்பா நெனைக்காதீங்க.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெளியே வந்ததும், “யோசிச்சுச் சொல்லியிருக்கலாமே அம்மா” என்றேன். நான் மெர்ச்சண்டைசர் புத்திக்காரன். கையில் வந்த ஆர்டரை விடச் சொல்ல எனக்கு வராது.

“பன்னெண்டு வருசம் எம் முதுகுக்குப் பின்னால ஒரு ஆளு நின்னாரு சார்” என்றார் ஜெபராணி. “அந்த ஆளா நான் போயி நிக்க மாட்டேன்.”

கேட் வரை மூவரும் நடந்தோம். கேட்டை ஒட்டி, ரோட்டைப் பார்த்தபடி ஒரு சின்ன அறை. மால் நாட்களில் பார்க்கிங் டோக்கன் கொடுத்த அறை. ஒரு ஜன்னல், ஒரு கதவு. ஜெபராணி அதன் முன்னால் நின்றுவிட்டார்.

“இத என்ன பண்ணப் போறீங்க சார்?” என்று பழனிசாமியைக் கேட்டார்.

“அதுங்களா... இடிச்சுப்போடச் சொல்லியிருக்காங்க.”

“இடிக்காண்டாம். எனக்கு வாடகைக்குக் கேளுங்க.”

பழனிசாமி என்னைப் பார்த்தார். நான் அறையைப் பார்த்தேன். ஒரு மெஷின், ஒரு சேர். அதற்கு மேல் ஒரு குடைகூட வைக்க முடியாது.

அவர் திரும்பி உள்ளே போனார். நாங்கள் வெயிலில் நின்றோம். இருபது நிமிஷம் கழித்து வந்தார். ஜி.எம். ‘கேட்டுக்கு வெளியே உட்கார்ந்தால் யார் வருவார்கள்?’ என்று கேட்டாராம்.

“நீங்க என்ன சொன்னீங்க?”

“மூணாவது மாடிக்கு ஏறிப் போயே துணி குடுத்தாங்களுங்க, ரோட்டோரத்துல குடுக்க மாட்டாங்களான்னு கேட்டனுங்க” என்றார் பழனிசாமி. “சரின்னுட்டாருங்க.”

வியாழக்கிழமை மெஷின் வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் ஒரு சட்டையோடு போனேன். ஷிப்ட் விடுகிற நேரம். எனக்கு முன்னால் ஒரு பெண் ஜன்னலில் நின்றிருந்தாள். மூன்றாவது மாடியில் பார்த்த அதே ஒடிசாப் பெண். கையில் ஊரில் இருந்து கொண்டு வந்த சிவப்புக் குர்தா. வந்த இந்த ஒன்றரை மாதத்தில் இளைத்துவிட்டாள் போலிருக்கிறது. இடுப்பில் இரண்டு பக்கமும் துணியைப் பிடித்து, அதிகமாக இருப்பதைக் காட்டினாள்.

“சாப்பிடுதியா, இல்லையா?” என்று ஜெபராணி அதட்டினார். அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கேள்வி புரிந்தது. தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.

ஜெபராணி இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தார். உள்ளே மடிந்த துணியை வெட்டுவார் என்று பார்த்தேன். வெட்டவில்லை. அவ்வளவையும் உள்ளேயே விட்டு, இஸ்திரி போட்டு, மடித்தார்.

“வெட்டலையா?” என்றேன்.

“நல்லா சாப்புட ஆரம்பிச்சா பிரிச்சு விடணும்லா சார்” என்றார்.